ஏழு இடங்கள், ஏழு வம்சங்கள்

ஈஸ்ட் செல்லில் பப்2 என்றொரு புரதம் இருக்கிறது. புரோட்டியாசோம் என்னும் பெரிய கூட்டுப் புரதத்தின் வெளி வளையத்தில் ஐந்தாவது இடம் அதற்கு. அதே வளையத்தில் அதன் இருபுறமும் ஒட்டியிருக்கிற நான்காம், ஆறாம் புரதங்களின் அமினோ அமில வரிசையைப் பப்2 புரதத்தின் வரிசையோடு ஒப்பிட்டால், மூன்றில் ஒரு பங்கு ஒத்துப்போனாலே பெரிது. மனித செல்லின் புரோட்டியாசோமில் ஐந்தாம் இடத்தில் இருக்கும் புரதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அப்படியே ஒத்துப்போகும். ஒரே செல்லில், ஒரே வளையத்தில், எந்நேரமும் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் புரதம் தூரத்து உறவு. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன இன்னோர் உயிரினத்தின் புரதம் நெருங்கிய உறவு. மூலக்கூறு உயிரியலில் நான் அறிந்த அழகான செய்திகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

இந்த உறவை ரசிக்க, புரோட்டியாசோமின் உருவம் முதலில் மனத்தில் பதிய வேண்டும். செல்லுக்கு இனி வேண்டாத புரதங்களை, கோணலாக மடிந்துபோன புரதங்களை, வேலை முடிந்ததும் உடனே அகற்ற வேண்டிய புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டுவது இதன் பணி. எதை வெட்டுவது என்பதற்கு யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளம். அந்த அடையாள முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஆரன் சிகானோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் பகுதி ஒரு பீப்பாய். நீளம் சுமார் 15 நானோமீட்டர், குறுக்களவு சுமார் 11. நான்கு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருக்கும். மேலும் கீழும் ஆல்பா வளையங்கள், நடுவில் இரண்டு பீட்டா வளையங்கள். வளையத்துக்கு ஏழு புரதங்கள், மொத்தம் 28. இந்த ஒவ்வொரு புரதத்தையும் துணையலகு என்கிறோம். வெட்டும் முனைகள் எல்லாம் பீட்டா வளையங்களின் உட்சுவரில், பீப்பாயின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன. வழியில் போகிற நல்ல புரதம் தவறிப்போய் வெட்டுப்படாமல் இருப்பதற்கு இந்த ஒளிவுதான் காப்பு.

இந்தக் கட்டமைப்பின் எளிய வடிவம் ஆர்க்கியா என்ற பழைய நுண்ணுயிர்க் குலத்தில் கிடைக்கிறது. தெர்மோபிளாஸ்மா அசிடோஃபிலம் என்ற ஆர்க்கியா முதலில் கண்டெடுக்கப்பட்ட இடம், தானாகவே கனன்றுகொண்டிருந்த நிலக்கரிக் கழிவுக் குவியல். அமிலமும் வெப்பமும் அதற்கு வீடு. அதன் புரோட்டியாசோமில் இரண்டே வகைத் துணையலகுகள்தான்: ஒரு வகை ஆல்பா, ஒரு வகை பீட்டா. ஆல்பாவின் 14 பிரதிகள் வெளியே, பீட்டாவின் 14 பிரதிகள் உள்ளே. 14 பீட்டாக்களும் வெட்டும். 1995-இல் ஜெர்மனியின் மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் ராபர்ட் ஹூபர், வோல்ஃப்காங் பவுமைஸ்டர் குழுவினர் இதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம். கச்சிதமான சீர்மை.

இரண்டு ஆண்டு கழித்து 1997-இல், மைக்கேல் கிரோலும் ஹூபரும் சகாக்களும் ஈஸ்ட் புரோட்டியாசோமின் அமைப்பை வெளியிட்டபோது அதே பீப்பாய், அதே நான்கு வளையம், அதே ஏழு. ஆனால் வளையத்தில் உள்ள ஏழும் ஏழு வெவ்வேறு புரதங்கள். ஆல்பா-1க்குப் பக்கத்தில் ஆல்பா-2தான் வரும், ஆல்பா-2க்குப் பக்கத்தில் ஆல்பா-3தான் வரும். இடம் மாறுவது கிடையாது. இரண்டு வகைப் புரதங்களைக் கொண்டு நடந்த வேலைக்கு இங்கே 14 வகை. பீட்டா ஏழில் வெட்டுவது மூன்றுதான்: பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5. இரண்டு வளையத்துக்கும் சேர்த்து ஆறு வெட்டுமுனை. 14 ஆறாகக் குறைந்ததை இழப்பு என்று எண்ணத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டும் வேலையிலிருந்து விடுபட்ட நான்கு பீட்டாக்களும் பக்கத்திலிருப்பதைத் தாங்கிப் பிடிக்கவும், எதிர் வளையத்தோடு பூட்டிக்கொள்ளவும் கற்றுக்கொண்டன. வெட்டும் மூன்றும் ஆளுக்கொரு சுவை வளர்த்துக்கொண்டன. அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்களுக்குப் பின்னால் பீட்டா-1 வெட்டும். காரத்தன்மையுள்ளவற்றுக்குப் பின்னால் பீட்டா-2. நீரை ஒதுக்கும் பெரிய அமினோ அமிலங்களுக்குப் பின்னால் பீட்டா-5.

இப்போது உறவுமுறைக்கு வரலாம். மனிதனிடமும் ஏழு ஆல்பா, ஏழு பீட்டா. மாட்டின் புரோட்டியாசோமை 2002-இல் ஜப்பானியக் குழு படிகமாக்கிப் பார்த்தபோதும் அதே ஏழு, அதே வரிசையில். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் இந்த 14 துணையலகுகளுக்கு 23 மரபணுக்கள் இருக்கின்றன. பலவற்றுக்கு இரண்டு பிரதி. ஆனால் இடங்கள் அந்த 14தான். பதினைந்தாவது வம்சம் ஒன்று இல்லை. மலேரியாக் கிருமியிடமும் அதே கணக்கு. தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமாவிடமும் அதே கணக்கு. செடியும் ஈஸ்ட்டும் மனிதனும் கிருமிகளும் தனித்தனியாக ஏழாகப் பிரிந்து, தற்செயலாக ஒரே மாதிரி அமைந்திருக்க முடியாது. உட்கரு உள்ள உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மூதாதைச் செல் இருந்தது. ஓர் ஆல்பா ஏழாகவும் ஒரு பீட்டா ஏழாகவும் பெருகியது அந்தச் செல்லுக்கு முன்போ அதன் காலத்திலோ நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கிளை பிரிந்த ஒவ்வோர் உயிரினமும் ஏழு இடங்களையும், இடத்துக்கு ஒரு வம்சமாக, கையோடு கொண்டுபோயிற்று. பப்2 புரதத்துக்குப் பக்கத்துப் புரதத்தைவிட மனிதப் புரதம் நெருக்கமாக இருப்பதன் காரணம் இதுதான். பக்கத்துப் புரதத்தோடு பிரிவு நடந்தது முன்னே. மனிதனோடு பிரிவு நடந்தது பின்னே.

பாக்டீரியாக்களில் கதை வேறு. பெரும்பாலானவற்றில் புரோட்டியாசோமே இல்லை. காசநோய்க் கிருமி சேர்ந்த ஆக்டினோபாக்டீரியாக் குலம் போன்ற சிலவற்றில் மட்டும் ஏழேழாக அடுக்கிய பீப்பாய் உண்டு. நம் குடலில் வாழும் ஈ. கோலையிடம் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது: பீட்டா போன்ற புரதங்கள் ஆறாறாகச் சேர்ந்த இரண்டு வளையங்கள், ஆல்பாவே கிடையாது. வெட்டும் வேதியியல் மட்டும் ஒன்றே.

பெயர்கள் ஒரு பெரும் குழப்பம். ஈஸ்ட் மரபியலர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு காரணத்துக்காக வேறு வேறு மரபணுவைத் தேடிப் போய்க் கடைசியில் ஒரே பீப்பாயில் வந்து முட்டிக்கொண்டார்கள். ஈஸ்ட் புரோட்டீனேஸ் ‘ஒய்எஸ்சிஇ’ என்ற நொதியைத் தேடியவர்கள் வைத்தவை ப்ரீ1, ப்ரீ2 முதலியன. ஆல்பா-2 என்ற வேறொரு புரதம் அழியாமல் தங்கும் செல்களைத் தேடியவர்கள் கண்ட டோஆ3 மரபணுவும் ப்ரீ2 மரபணுவும் ஒன்றே. மனித மரபணுக்களுக்குக் கிடைத்த வரிசையில் எண் கொடுத்தார்கள். அதனால் ஆல்பா-1 அங்கே பிஎஸ்எம்ஏ6, ஆல்பா-6 பிஎஸ்எம்ஏ1, பீட்டா-1 பிஎஸ்எம்பி6, பீட்டா-2 பிஎஸ்எம்பி7. 14 இடங்களில் இட எண்ணும் மரபணு எண்ணும் ஒத்துப்போவது நான்கில் மட்டும்: ஆல்பா-2, ஆல்பா-5, பீட்டா-3, பீட்டா-5. பீப்பாயின் இரு முனைகளிலும் உட்காரும் தொப்பியின் புரதங்களுக்கு 1998-இல் ஆர்பிடி, ஆர்பிஎன் என்று ஒரு பொதுப் பெயர்முறை வந்தது. அதற்கு முன், ஒரே புரதத்துக்கு ஒருவர் வைத்த பெயர் சக்1, இன்னொருவர் வைத்த பெயர் சிம்3; இன்று அது ஆர்பிடி6. படிப்பவர்கள் இந்த எண்களில் சிக்கிக்கொள்ளாமல் இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. பெயர் எத்தனை மாறினாலும் வளையத்தில் இடம் மாறுவதில்லை.

வெட்டும் முனையை அருகில் போய்ப் பார்த்தால் வேறொரு நயம் தெரியும். பீட்டாவின் வெட்டும் முனை ஒரே ஓர் அமினோ அமிலம்: த்ரியோனைன். அது புரதச் சங்கிலியின் முதல் எழுத்தாக, நுனியில் இருந்தாக வேண்டும். நுனியில் இருந்தால்தான் அதன் அமினோ தொகுதி விடுதலையாக நின்று, பக்கத்திலுள்ள ஹைட்ராக்சிலை வேலைக்குத் தூண்டும். ஆனால் செல்லில் புதிதாகப் பிறக்கும் புரதத்தின் நுனியில் அசெட்டைல் தொகுதியை ஒட்டிவிடும் நொதிகள் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிவிட்டால் கத்தி மழுங்கிவிடும். எனவே பீட்டா பிறக்கும்போது த்ரியோனைனுக்கு முன்னால் ஒரு கூடுதல் துண்டோடு பிறக்கிறது. பீட்டா-1க்கு 19 அமினோ அமிலம், பீட்டா-2க்கு 29, பீட்டா-5க்கு 75. இரண்டு அரைப் பீப்பாய்களும் சேர்ந்து மூடிக்கொண்ட பிறகுதான் அந்தத் துண்டு அறுபடும். அறுப்பது வேறு யாரும் இல்லை. அந்த த்ரியோனைனே தனக்கு முன்னால் இருக்கும் துண்டைத் தானே அறுத்துக்கொள்கிறது. கிளைசினுக்கும் த்ரியோனைனுக்கும் நடுவே விழும் இந்த வெட்டு தெர்மோபிளாஸ்மாவிலும் உண்டு, ஈஸ்ட்டிலும் உண்டு, மனிதனிலும் உண்டு. துண்டின் நீளமும் எழுத்துகளும் உயிருக்கு உயிர் மாறுகின்றன. வெட்டு விழும் இடம் மாறவில்லை. மாறக் கூடாததை விட்டுவிட்டு மற்றதில் மட்டும் கை வைக்கும் பரிணாமத்தின் நிதானத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டுமானத்தில் உம்ப்1 என்ற உதவிப் புரதத்துக்கும் பங்கு உண்டு. அரைப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து, எல்லாம் சரியாக வந்து சேரும்வரை காத்திருக்கிறது. இரண்டு அரைகள் பூட்டிக்கொண்டதும் உம்ப்1 உள்ளே மாட்டிக்கொள்கிறது. புதிய புரோட்டியாசோம் முதலில் வெட்டும் புரதம் அதுதான். மனிதனில் இதே வேலையைச் செய்து இதே முடிவைச் சந்திக்கும் உறவுப் புரதத்துக்குப் பெயர் பாம்ப்.

வெட்டாத பீட்டாக்கள் சும்மா இருக்கவில்லை என்றேன். பீட்டா-7 அதற்கு நல்ல சாட்சி. ஈஸ்ட்டில் இதன் பெயர் ப்ரீ4. இதில் பிறழ்வு ஏற்பட்ட ஈஸ்ட்டில், அமிலத்தன்மையுள்ள இடங்களுக்குப் பின்னால் வெட்டும் திறன் போய்விடுவதை 1990-களின் தொடக்கத்தில் கண்டார்கள். எனவே அந்த வெட்டுக்குப் பொறுப்பு ப்ரீ4தான் என்று நினைப்பது இயல்பு. படிக அமைப்பு வந்தபோது உண்மை தெரிந்தது. வெட்டுவது பீட்டா-1. பீட்டா-7 தன் நீண்ட வாலை எதிர் வளையத்துக்குள் நீட்டி, அங்கே பீட்டா-1க்கும் பீட்டா-2க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் செருகி, பீட்டா-1 நிமிர்ந்து நின்று வேலை செய்யத் தோள் கொடுக்கிறது. வால் இல்லாவிட்டால் பீட்டா-1 தடுமாறும். அரைப் பீப்பாயில் கடைசியாக வந்து சேருவதும் பீட்டா-7தான். அது வந்த பிறகே இரண்டு அரைகளும் உறுதியாகப் பூட்டிக்கொள்கின்றன. மனித செல்லிலும் கடைசியில் வருவது பீட்டா-7தான். புரதத்தின் உருவம் மட்டும் வழிவழியாக வந்திருந்தால் வியப்புக் குறைவு. வந்து சேரும் முறைகூட வழிவழியாக வந்திருக்கிறது.

வெளி வளையத்தில் ஆல்பா-3 ஒரு தனிப்பிறவி. பீப்பாயின் வாயில் ஆல்பாக்களின் நுனி வால்களால் ஆனது. தெர்மோபிளாஸ்மாவின் படிகத்தில் இந்த வால்கள் ஒழுங்கற்று அலைந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. வாயில் திறந்த துளைபோலத் தெரிந்தது. ஈஸ்ட்டில் ஏழு வால்களும் ஏழு விதமாக, ஒன்றோடொன்று பின்னி வாயிலை அடைத்திருக்கின்றன. இந்தப் பின்னலுக்கு மையம் ஆல்பா-3இன் வால். அதன் நுனியில் ஒன்பது அமினோ அமிலங்களை நீக்கியபோது வாயில் திறந்துகொண்டதை 2000-இல் கிரோல் குழுவினர் காட்டினார்கள். அதே ஆண்டில் கிறிஸ்டோஃபர் ஹில் குழுவினர் செய்த சோதனையை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறையும். டிரிப்பனோசோமாவின் தொப்பிப் புரதம் ஒன்றை எடுத்து ஈஸ்ட் பீப்பாயின்மேல் வைத்தார்கள். இந்த வகைத் தொப்பி ஈஸ்ட்டிடம் கிடையாது. ஆனாலும் அது பொருந்தி உட்கார்ந்தது. ஈஸ்ட்டின் ஆல்பா வால்கள் எழுந்து நின்று வாயிலைத் திறந்தன. தன் வாழ்நாளில் பார்த்தே இராத தொப்பிக்குத் திறந்துவிடும் அளவுக்கு அந்த ஆல்பா வளையம் பழைய உடன்படிக்கையை நினைவில் வைத்திருந்தது.

ஆல்பா-3இன் இன்னொரு தனித்தன்மை, அது இல்லாமலும் ஈஸ்ட் பிழைக்கும். 14 துணையலகு மரபணுக்களில் 13-ஐ நீக்கினால் செல் சாகும். ஆல்பா-3ஐ நீக்கினால் சாகாது. காலியான மூன்றாம் இடத்தில் ஆல்பா-4இன் இன்னொரு பிரதி போய் உட்கார்ந்துகொள்கிறது. வளையம் ஏழுக்குக் குறைவதில்லை. மார்க் ஹோக்ஸ்ட்ராசர் குழுவினர் இதைக் கண்டறிந்ததோடு, ஆல்பா-4 இரட்டையாக உள்ள புரோட்டியாசோம் மிகுந்த செல்கள் காட்மியம் நஞ்சை நன்றாகத் தாங்குவதையும் காட்டினார்கள். பிறகு மனித செல்களிலும் இதே இரட்டை ஆல்பா-4 பீப்பாய்கள் கிடைத்தன. அங்கேயும் காட்மியம் தாங்கும் திறன் கூடியது. ஈஸ்ட்டில் மரபணுவை நீக்கியதால் வந்த விபத்து என்று விட்டுவிட்டிருக்கக்கூடிய ஒன்று, மனிதனிலும் இருக்கும் ஏற்பாடு என்று தெரியவந்தது.

இத்தனை நெருக்கம் என்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியுமா? 2015-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மார்கோட்டே, ஆஷிக் கச்ரூ குழுவினர் இதை நேரடியாகச் செய்து பார்த்தார்கள். ஈஸ்ட் உயிர்வாழ இன்றியமையாத 414 மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்தார்கள். ஏறத்தாழ பாதியில் ஈஸ்ட் பிழைத்தது. புரோட்டியாசோமில் வெற்றி விகிதம் அதைவிட அதிகம். பெரும்பாலான துணையலகுகளின் இடத்தில் மனிதப் புரதம் நின்று வேலை செய்தது. தோல்விகள் முக்கியமாக ஒரே இடத்தில் குவிந்தன: பீட்டா வளையத்தில்.

ஏன் பீட்டா? இங்கேதான் 2023-இல் வந்த ஆய்வு நம்மைக் கைபிடித்து உள்ளே அழைத்துப்போகிறது. கச்ரூ குழுவினர், ஹோக்ஸ்ட்ராசருடன் சேர்ந்து, மனித பீட்டா-2ஐ எடுத்துக்கொண்டார்கள். ஈஸ்ட்டின் பீட்டா-2க்குப் பெயர் பப்1. அதை நீக்கி மனித பீட்டா-2ஐக் கொடுத்தால் ஈஸ்ட் பிழைப்பதில்லை. உடனே மனித பீட்டா-2இல் ஏராளமான சிறு சிறு மாற்றங்கள் செய்து, எது ஈஸ்ட்டைப் பிழைக்க வைக்கிறது என்று தேடினார்கள். பிழைக்க வைத்த மாற்றங்களில் பெரும்பகுதி ஒரே பக்கத்தைச் சுட்டின. பீட்டா-2க்கு ஒரு நீண்ட வால் உண்டு. அது பக்கத்திலுள்ள பீட்டா-3ஐச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். மனித பீட்டா-2இன் வாலும் ஈஸ்ட்டின் பீட்டா-3உம் ஒத்துப்போகவில்லை. சிக்கல் அங்கேதான். வாலை மட்டும் ஈஸ்ட் வாலாக மாற்றி வைத்தார்கள், ஈஸ்ட் பிழைத்தது. பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மனித பீட்டா-2இல் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், துணைக்கு மனித பீட்டா-3ஐயும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போதும் ஈஸ்ட் பிழைத்தது. பழைய பக்கத்துத் துணை கூட வந்தால், மனித பீட்டா-2 ஈஸ்ட் வளையத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது.

முதல் பத்தியில் சொன்ன உறவுக்கு இது வேறொரு முகம் கொடுக்கிறது. வரிசையில் நெருக்கம் ஒன்று, உடனிருப்பில் நெருக்கம் இன்னொன்று. மனித பீட்டா-2க்கு ஈஸ்ட் பீட்டா-2 வம்சத்தால் நெருக்கம். ஆனால் நூறு கோடி ஆண்டுகளாக மனித பீட்டா-2இன் வாலும் மனித பீட்டா-3இன் முதுகும் ஒன்றுக்கேற்ப மற்றொன்று மாறி மாறி வந்திருக்கின்றன. ஈஸ்ட்டிலும் அப்படியே, ஆனால் வேறு திசையில். கத்தி மாறவில்லை, கைகோத்திருக்கும் விதம் மாறிவிட்டது. வளையத்தில் பக்கத்திலிருப்பது வரிசையில் தூரத்து உறவு என்றாலும், அதுதான் ஒவ்வொரு துணையலகையும் செதுக்கியிருக்கிறது. அதே ஆய்வில், வெட்டவே முடியாதபடி த்ரியோனைனை மாற்றிய மனித பீட்டா-2உம் ஈஸ்ட்டைப் பிழைக்க வைத்தது. அறுபடாமல் தங்கிய முன்துண்டு, கட்டுமானத்தின் பிற்பகுதியைத் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

முதுகெலும்புள்ள உயிர்களுக்கு வந்தால் வம்சம் கிளைவிட்டிருக்கிறது. கிருமி தாக்கும்போது இன்டர்ஃபெரான்-காமா சுரக்க, மனித செல் பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5 மூன்றுக்கும் பதிலாக வேறு மூன்று துணையலகுகளைச் செய்து புதிய பீப்பாய்களில் வைக்கிறது. வெட்டிய துண்டுகள் நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்ட ஏற்றவையாக அமைவதற்காக இந்த ஏற்பாடு. இதில் வெட்டும் மூன்று மட்டும் மாறுகின்றன. வெட்டாத நான்கையும் தொடவில்லை. 2007-இல் ஷிகேயோ முராட்டா, கெய்ஜி தனாகா குழுவினர் தைமஸ் சுரப்பியின் புறணிச் செல்களில் மட்டும் இருக்கும் இன்னொரு பீட்டா-5ஐக் கண்டார்கள். நல்ல டி-செல்கள் தேர்வாவதற்கு அது தேவை. ஈஸ்ட்டிடம் இவை எதுவும் இல்லை. அதற்கு நோயெதிர்ப்பு மண்டலமே கிடையாது, தேவையும் எழவில்லை. ஆனால் ஈஸ்ட்டின் ஒரே ஒரு பீட்டா-5 இத்தனை மனித பீட்டா-5களுக்கும் பொது உறவு. கிளைகள் அங்கே எத்தனை முளைத்தாலும் வேர் பிடித்த இடம் ஒன்றே.

உறவு அறுந்துபோன இடமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புரோட்டியாசோம் குறைந்துபோனால் கூடுதலாகச் செய்யச் சொல்லி மரபணுக்களைத் தூண்டும் புரதம் ஈஸ்ட்டில் ஆர்பிஎன்4. பெயர் துணையலகுபோல் இருந்தாலும் இது துணையலகு அல்ல. புரோட்டியாசோம் நன்றாக வேலை செய்யும்போது ஆர்பிஎன்4 பிறந்த சில நிமிடங்களிலேயே வெட்டுப்பட்டுப் போகும். வேலை தடைப்பட்டால் வெட்டுப்படாமல் குவிந்து, துணையலகு மரபணுக்களை எல்லாம் ஒரே நேரத்தில் முடுக்கிவிடும். தன் பற்றாக்குறையைத் தானே அளந்துகொள்ளும் அளவுகோல். மனிதனில் இந்த வேலையைச் செய்வது என்ஆர்எஃப்1. அதுவும் புரோட்டியாசோமால் வெட்டுப்படுவதுதான்; தடை வந்தால் குவிவதுதான். ஆனால் ஆர்பிஎன்4க்கும் என்ஆர்எஃப்1க்கும் வம்ச உறவு இல்லை. ஒரே யோசனைக்கு இரண்டு உயிரினங்கள் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. துணையலகுகள் வழிவழிச் சொத்தாக வர, அவற்றை மேற்பார்க்கும் ஏற்பாடு தனித்தனியாகத் தேடிக்கொண்டதாக இருப்பது எனக்கு இன்னும் யோசிக்க வேண்டிய செய்தி.

ஈஸ்ட்டுக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த நெருக்கத்தால் நமக்குக் கிடைத்த பயன் சிறிதல்ல. மல்டிபிள் மயலோமா என்ற எலும்புமச்சைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் என்ற மருந்து 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று நம் நாட்டுப் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் வழக்கமாகப் பயன்படும் மருந்து. அது பீட்டா-5இன் த்ரியோனைனை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதை 2006-இல் படிகத்தில் முதன்முதலாகக் காட்டியது மனித புரோட்டியாசோம் அல்ல, ஈஸ்ட் புரோட்டியாசோம். மருந்தின் போரான் அணுவும் த்ரியோனைனின் ஆக்சிஜனும் கைகோப்பது ஈஸ்ட்டில் தெரிந்தது. மனிதனுக்கும் அது அப்படியே பொருந்தியது. இந்தப் பொருத்தத்துக்கு எதிர்ப்பக்கமும் பயனுள்ளது. மலேரியாக் கிருமியின் பீட்டா-2இல் வெட்டும் முனையை ஒட்டிய குழி மனிதனுடையதைவிடச் சற்று அகலம் என்று 2016-இல் தெரிந்தது. மனிதனை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பிடிக்கும் மருந்துக்கு அந்தச் சிறு அகலமே நம்பிக்கை. ஒற்றுமை மருந்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது. நுண்ணிய வேற்றுமை மருந்தைக் குறிபார்க்க உதவுகிறது.

உயிரியல் படிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புரதத் தரவு வங்கியின் இணையதளத்தில் இந்த அமைப்புகள் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஈஸ்ட் புரோட்டியாசோமின் எண் 1ஆர்ஒய்பி, மனிதனுடையது 4ஆர்3ஓ, தெர்மோபிளாஸ்மாவினுடையது 1பிஎம்ஏ. பாடப்புத்தகத்தில் இருக்கும் பீப்பாய்ப் படத்தோடு நின்றுவிடாமல் மூன்றையும் இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பிப் பாருங்கள். முதலில் பீட்டா-2இன் வாலைத் தேடுங்கள். அது பீட்டா-3ஐச் சுற்றும் இடத்தில் ஈஸ்ட்டும் மனிதனும் எந்தெந்த எழுத்துகளில் பிரிகிறார்கள் என்று நீங்களே எழுதிப் பார்க்கலாம்.